ராக்காயியின் பெருவிரலும் பிரிவு நான்கும்

தேசியப் பொது மருத்துவச் சேவை (உரிமையும் மாண்பும்) சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று சாத்தன்விடுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குள் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்த ராக்காயி தன் பங்கைக் கணவரிடம் தள்ளினாள். உடையப்பன் அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்ல சட்டமாத்தான் இருக்கும்போல" என்றார். அந்தச் சட்டத்தைப் பற்றி அவர் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அதுதான்.

கறம்பக்குடிப் பக்கம் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போகிறவள் ராக்காயி. தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சருகு கூட்டப் போன இடத்தில் கருவ முள் ஒன்று செருப்பைத் துளைத்து வலது கால் பெருவிரலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு மஞ்சள் வைத்தாள். சர்க்கரைக்காரிக்கு மஞ்சள் கேட்குமா? விரல் வீங்கியது, நீலம் பாய்ந்தது, சீழ் கோத்தது. தனியார் டாக்டரிடம் போகலாம் என்றால் அதற்கு வழியில்லை. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு நேராகப் போகலாம் என்றால், உள்ளூர் நிலையத்தில் வைத்தியம் பார்த்து அங்கே எழுதிக் கொடுக்காமல் யாரும் மேலே போகக் கூடாது என்று புதுச் சட்டம் சொன்னது. மேலே போவதும் ஓர் உரிமையாம். உரிமையைக் கண்டபடி செலவழிக்கக் கூடாதாம்.

ஆகவே உடையப்பன் அவளைப் பழைய எக்ஸெல் வண்டியில் பின்னால் உட்காரவைத்துச் சாத்தன்விடுதிக்கே கூட்டி வந்தார்.

டாக்டர் இளமதி அறந்தாங்கிக்காரி. வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனாலும் ஓய்வு பெறப்போகிறவர்களின் களைப்பு முகத்தில் வந்திருந்தது. விரலைப் பார்த்ததும், "என்னம்மா, இவ்வளவு முத்த விட்டுட்டீங்க? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா விரலையே எடுக்கணும்" என்றாள்.

"பெருவிரல எடுத்தா எப்படிங்க மேடு பள்ளத்துல நடக்கிறது? காட்டு வேலைங்க" என்றாள் ராக்காயி.

"எடுக்க விடக் கூடாதுன்னுதான் சொல்றேன். இப்பவே சுத்தம் பண்ணிக் கட்டிரலாம். தொடர்ந்து கட்டிக்கிட்டே வந்தாப் போதும். பத்து நிமிஷ வேலை."

சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். மேசைக்கு அடியிலிருந்து செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தாள்.

"அதுக்கு முன்னாடி இதை வாசிக்கணும்."

பிரிவு நான்கு அப்படித்தான் சொன்னது. சிகிச்சை தொடங்குமுன் நோயாளிக்குச் சட்டம் முழுவதையும் மருத்துவரே தம் வாயால் வாசித்துக் காட்ட வேண்டும். நர்ஸ் வாசித்தால் நோயாளியின் மாண்பு குறையும். வாசிக்கும்போது நோயாளியோ உடன் வந்தவரோ கேள்வி கேட்டால் அவருக்கு விளங்கவில்லை என்று பொருள். விளங்கவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்கச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டியிருந்தார்கள். அதற்குக் காயம் தெரியாது. கேள்வி கேட்டால் மட்டும் தெரியும். சிவப்பு விளக்கு எரியும்.

இங்கேதான் உடையப்பனின் வளர்ப்பு குறுக்கே வந்தது.

அந்தப் பக்கத்தில் யார் எதைச் சொன்னாலும் கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். நடுநடுவே "அப்புறம்ங்க?" என்று கேட்க வேண்டும். மழை பெய்ததைச் சொன்னாலும் அப்புறம்ங்க, மச்சான் செத்ததைச் சொன்னாலும் அப்புறம்ங்க. சும்மா இருந்தால், "என்னப்பா, நான் சொல்றது காதுல விழுகலையா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். உடையப்பன் ஊரிலேயே நல்ல உம் கொட்டுகிறவர் என்று பேர் வாங்கியவர். சாவு விழுந்த துட்டி வீட்டில் அவரைத் தேடிப் பக்கத்தில் உட்காருவார்கள்.

"பிரிவு ஒன்று. குறுந்தலைப்பும் தொடக்கமும்" என்று இளமதி வாசித்தாள். "இந்தச் சட்டம் நாடு முழுமைக்கும் பொருந்தும்."

"ம்ம். அப்புறம்ங்க?" என்றார் உடையப்பன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஐயா, கேள்வி கேக்காதீங்க. திரும்ப முதல்லேருந்து வரணும்."

"நான் எங்கங்க கேள்வி கேட்டேன்?"

விளக்கு மறுபடி எரிந்தது.

இளமதி முதலிலிருந்து தொடங்கினாள். வரையறைகள் வந்தன. 'நோயாளி' என்றால் யார், 'நோய்' என்றால் எது, 'ஆகும்' என்றால் எந்த அளவுக்கு ஆகும். உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்பளைப் பிள்ளை தொண்டை வறள வாசிக்கிறது, மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவருக்கு உறுத்தியது. பிரிவு பன்னிரண்டில் அவள் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் அவர் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது.

"அப்புறம்ங்க?"

பெட்டி எரிந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ராக்காயி கணவரின் தோளிலிருந்த துண்டை உருவி அவர் வாயைச் சுற்றிக் கட்டினாள்.

"அம்பது வருசமா இந்த மனுசன் வாயக் கட்டணும்னு நெனச்சேன். சட்டம் வந்துதான் நடந்திருக்கு. நீங்க வாசிங்கம்மா."

மூன்றாவது முறை நன்றாகப் போனது. நோயாளிக்குத் தூய்மையான இருக்கைக்கு உரிமை உண்டு, உயரதிகாரியின் பெயரை அறிய உரிமை உண்டு, சிகிச்சையை மறுக்க உரிமை உண்டு. சிகிச்சையைப் பெறும் உரிமை பின்னால் எங்கோ இருந்தது. அது வருவதற்குள் ராக்காயி தூங்கிவிட்டாள். ராத்திரியெல்லாம் விரல் தெறித்துத் தூங்காதவள். உடையப்பன் எழுப்பப் போனார். இளமதி தலையை ஆட்டினாள்.

"எழுப்பக் கூடாதுங்க. வாசிக்கும்போது நோயாளி உறங்கினால் அது அவருடைய ஓய்வுரிமை. பிரிவு ஐம்பத்தேழு."

துண்டுக்குள்ளிருந்து உடையப்பன் ஏதோ சொன்னார். பெட்டிக்கு அது விளங்கவில்லை.

ராக்காயி விழித்தபோது நிலையத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

அடுத்த முறை போனபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கட்டுப்போடும் அறையைக் காலி செய்து, உள்ளே நாற்காலி போட்டு, குளிர்சாதனம் மாட்டி, 'உரிமைக் கேட்பரங்கம்' என்று பலகை வைத்திருந்தார்கள். பஞ்சும் மருந்தும் கத்தரிக்கோலும் ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தன. ஸ்டோர் ரூமின் சாவி பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தது.

திறப்பு விழாவுக்கு மாவட்ட உரிமை அமலாக்க அலுவலர் பிராங்க்ளின் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இதுக்கு முன்னாடி இந்த நாட்டுல நோயாளிக்கு என்ன குடுத்தோம்? மருந்து குடுத்தோம். மாத்திரை குடுத்தோம். மரியாதை குடுத்தமா? இல்ல. இன்னிக்கு நிலைமை மாறியாச்சு. மருந்து இருக்கும், இல்லாமப் போகும். ஸ்டாக் வரலைன்னா நாளைக்கு வாங்கன்னு சொல்லித்தான் ஆகணும். ஆனா உரிமை தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்கன்னு எந்த ஊழியராவது இதுவரைக்கும் சொல்லியிருக்காரா? சொல்ல முடியாது. உரிமைக்கு ஸ்டாக் பிரச்சினையே கிடையாது!"

கைதட்டினார்கள். உடையப்பனும் தட்டினார். தட்டாமலிருப்பது மரியாதையில்லை.

"இன்னொன்னு. போன வருஷம் இந்த நிலையத்து மேல எவ்வளவு புகார்! சட்டம் வந்த நாள்லேருந்து ஒரே ஒரு புகார்கூட இல்ல. ஏன்? புகார் குடுக்கிறதுக்கான உரிமை நூத்தி எண்பதாவது பிரிவு. அந்தப் பிரிவு வரைக்கும் போறதுக்கு எந்த நோயாளிக்கும் தேவையே ஏற்படல. அந்த அளவுக்குத் திருப்தி!"

பிறகு, அரங்கம் கண்ட முதல் நோயாளி என்று ராக்காயியை மேடைக்கு அழைத்தார்கள். நொண்டி நொண்டிப் போனாள். பிராங்க்ளின் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுக்க வந்தவர், "சார், கால் தெரியுது" என்றார். நோயாளியின் காயத்தைப் படம் எடுப்பது மாண்புக்குக் குந்தகம் என்பதால், அதே பொன்னாடையை இறக்கிக் காலை மூடினார்கள்.

"ஐயா, அந்தக் கால்தாங்க நோவு" என்றார் உடையப்பன்.

"அதான் மூடியிருக்கோம்" என்றார் பிராங்க்ளின் பெருந்தன்மையாக.

கீழே இறங்கியதும் ராக்காயி பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள். "இதக் கிழிச்சுக் கால்ல சுத்தலாம்னு பாத்தா, பூராச் சரிகை. புண்ண அறுத்திரும்."

அன்றைக்கும் விரலை யாரும் தொடவில்லை. இளமதி மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரையும் பார்த்ததும் கையைக் காட்டிப் பெட்டி இல்லாத பக்கமாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனாள். கட்டிடத்துக்குள் பெட்டி இருக்கிறது, ஆகவே உண்மையைத் தொட்டிக்குப் பின்னால்தான் பேச முடிந்தது.

"அம்மா, விரல் கறுக்க ஆரம்பிச்சிருச்சு. இனிமே தாங்காது. நாளன்னிக்கு மேட்டுவயல்ல ஜல்லிக்கட்டு. என்னைய அங்க டூட்டி போட்டிருக்காங்க. நீங்க அங்கிட்டு வந்திருங்க."

"மாடு பாக்கவாங்க?" என்றார் உடையப்பன்.

"மாடு முட்டினவங்களுக்கு மட்டும் சட்டம் வாசிக்க வேண்டாம். விதிவிலக்கு இருக்கு. நேரா வைத்தியம்தான்."

அந்த விதிவிலக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. சட்டம் எழுதிய குழுவில் யாரோ ஒருவருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் மாடு இருந்திருக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல் மேல் கை வைக்கிற கவர்மெண்டு இன்னும் பிறக்கவில்லை.

"ஆனா என்னைய எந்த மாடும் முட்டலையேம்மா" என்றாள் ராக்காயி.

இளமதி தொட்டியில் சாய்ந்தாள். "முட்டுச்சுன்னு வச்சுக்கங்கம்மா. எனக்கு வேற வழி தெரியல."

*

மேட்டுவயல் வாடிவாசலில் மருத்துவக் கூடாரத்தைப் பார்த்து உடையப்பன் அசந்துபோனார். நான்கு கட்டில். புதுப் பஞ்சு. பாட்டில் பாட்டிலாக மருந்து. ஊசி போட ஒருவர், தைக்க ஒருவர். சாத்தன்விடுதியில் வருஷம் பூராக் கிடைக்காதது எல்லாம் மாட்டுக்காக வந்து காத்துக்கொண்டிருந்தது.

இளமதி ஆளே மாறியிருந்தாள். அரை நிமிஷத்தில் ராக்காயியைக் கட்டிலில் ஏற்றினாள். சீழை வெட்டி எடுத்தாள், கழுவினாள், மருந்து வைத்தாள், கட்டினாள், ஊசி போட்டாள். கூட வேலை பார்த்த பையன் டேப்லெட்டில் தட்டிக்கொண்டே, "மேடம், எந்த மாடு முட்டுச்சுன்னு கேக்குது. போடாம உள்ள விடாது" என்றான்.

இளமதி விழித்தாள். அதே நேரம் மைக்கில் கத்தினார்கள். "மேட்டுவயல் சவரியப்பன் மாடு வருது! பேரு பூச்சி! பூச்சின்னு எளக்காரமா நெனைக்காதீங்க தம்பி, தொட்டுப் பாரு! தொட்டா ஒரு அண்டா பரிசு!"

"பூச்சி" என்றாள் இளமதி.

இப்படியாக, கொம்பால் ஒரு ஈயைக்கூடத் தொடாமல் நேராக ஓடி முடிவிடத்தில் நின்று புல் தின்ற பூச்சி, அரசாங்க ஆவணப்படி ஒரு பெண்மணியின் பெருவிரலை முட்டியது.

விரல் மருந்துக்குக் கேட்டது. வீக்கம் வடிந்தது. ஆனால் கட்டு மாற்ற வேண்டும். சாத்தன்விடுதிக்குப் போனால் மறுபடி புத்தகம். ஆகவே தை மாதம் பூராவும் அவர்கள் எக்ஸெல் வண்டியில் வாடிவாசல் வாடிவாசலாகப் போனார்கள். இளமதியும் போனாள், சட்டப்படி. சவரியப்பனும் போனார், மாட்டின் மேலுள்ள பிரியப்படி. ஒவ்வொரு இடத்திலும் டேப்லெட் பழைய விவரத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. முட்டியது: பூச்சி. இடம்: வலது கால் பெருவிரல்.

ஒரு நாள் சவரியப்பன் சாத்துக்குடிப் பையோடு உடையப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, எம் மாடு அப்படிப்பட்டது இல்ல ஆத்தா. பொறந்ததுலேருந்து பொம்பளையாளுக பக்கம் மூச்சுகூட விட்டதில்ல. நான் எம் மக வீட்டுக்குப் போனா, கூடவே வந்து வாசல்ல படுத்துக்கிடும். அது உங்களப் போயி, அதுவும் திரும்பத் திரும்ப... என்ன எழவோ தெரியல. மன்னிச்சிருங்க."

"ம்ம்" என்றார் உடையப்பன். அப்புறம் என்று கேட்க நாக்கு எழவில்லை.

ராக்காயி சாத்துக்குடியை உரித்து அவருக்கே பாதி கொடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். இன்னும் இரண்டு மூன்று கட்டுப் போட்டால் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். வாயை மூடிக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

*

கம்ப்யூட்டர் சும்மா இருக்குமா? ஒரே மாடு, ஒரே நோயாளி, ஒரே விரல் என்று அது தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டது. பிராங்க்ளின் விசாரணைக்கு வந்துவிட்டார்.

விசாரணை உரிமைக் கேட்பரங்கத்தில். மாட்டுக்கு அரங்கத்துக்குள் இடமில்லை என்று வேப்பமரத்தில் கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார்கள். பூச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி திறப்பு விழாத் தோரணத்தில் மிச்சமிருந்ததைத் தின்றுகொண்டிருந்தது.

"இது விபத்து இல்ல" என்றார் பிராங்க்ளின். "விபத்துன்னா ஒரு தடவை நடக்கும். தேடித் தேடிப் போயி ஒரே அம்மாவோட ஒரே விரல முட்டியிருக்கு. இது முன்விரோதம்."

"முன்விரோதமா?" என்றார் சவரியப்பன். "ஐயா, அது மாடுங்க."

"பிரிவு நூத்தி முப்பது. நோயாளியைத் தொடர்ந்து துன்புறுத்தும் எவரும் பொது இடங்களில் அனுமதிக்கப்படலாகாது. எவரும்னுதான் போட்டிருக்கு. மனுஷன்னு போடல. சட்டம் போட்டவங்க எவ்வளவு தொலைநோக்கோட யோசிச்சிருக்காங்க, பாருங்க! நானே இந்தச் சட்டத்தை முழுசா வாசிச்சதில்ல. அப்படியும் அதுல எல்லாம் இருக்குன்னு நம்பினேன். இருக்கு!"

உத்தரவு தயாராக இருந்தது. பூச்சி இனி எந்த வாடிவாசலுக்கும் போகக் கூடாது. காப்பகத்துக்கு அனுப்பப்படும். பாதிக்கப்பட்டவர் ஒரு வார்த்தை 'ஆம்' என்று சொன்னால் போதும்.

சவரியப்பன் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அம்மா, பயப்படாமச் சொல்லுங்க. நாங்க இருக்கோம். இந்த மாடு உங்களை முட்டுச்சா?"

ராக்காயி விரலைப் பார்த்தாள். ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டு வந்தது. நடுவில் மட்டும் ஒரு மிளகளவு பாக்கி. கட்டாமல் விட்டால் உள்ளே திரும்பவும் கோக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆம் என்றால் கட்டு உண்டு, மாடு இல்லை. இல்லை என்றால் மாடு உண்டு. இளமதியைப் பார்த்தாள். இளமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உடையப்பனைப் பார்த்தாள். அவர் தானாகவே துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"முட்டலைங்க" என்றாள். "கருவ முள்ளு குத்துச்சு."

பிராங்க்ளின் உத்தரவைக் கீழே வைத்தார்.

"அப்ப ஏம்மா மாடு முட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"முள்ளு குத்துனவுங்களை நீங்க பாக்க மாட்டேங்கிறீங்களே. மாடு முட்டுனாத்தான பாக்குறீங்க."

சவரியப்பன் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று உடையப்பன் நடுவில் வந்தார். சவரியப்பன் அவரைத் தாண்டிப் போய் ஜன்னலில் மாட்டின் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாடா? நீ முட்டலையாம்டா" என்றார். திரும்பி ராக்காயியிடம், "முன்னாடியே சொல்லியிருந்தா நானே மாட்டப் புடிச்சு உங்கள முட்ட வச்சிருப்பேனே ஆத்தா. பொய்யி சொல்ல வேண்டியிருந்திருக்காது" என்றார். அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

பிராங்க்ளின் தலையைப் பிடித்துக்கொண்டு மூன்று பேனாவையும் மாற்றி மாற்றி எழுதினார். பிறகு வாசித்தார்.

"முள் குத்தியதற்கு மாடு முட்டியதற்கான சிகிச்சை அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்தச் சிகிச்சை நடைபெறாததாகக் கருதப்படும்."

"அப்ப ஆறுன புண்ணு?" என்றார் உடையப்பன். பெட்டி எரிந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"ஆறினதும் செல்லாது."

"கண்ணுக்கு முன்னாடி ஆறியிருக்குங்களே."

"அது உங்க சொந்தப் பொறுப்புல ஆறியிருக்கு."

கடைசியாக டாக்டர் இளமதியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தார். உரிமையை வாசிக்காமல் ஒரு குடிமகளைக் குணப்படுத்த முனைந்த குற்றம். நாட்டிலேயே இதுதான் முதல் முறை என்று வருத்தத்தோடு சொன்னார்.

இளமதி அழவில்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், சஸ்பெண்ட் ஆனதுக்கப்புறம் எனக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?"

"எப்படிப் பொருந்தும்?" என்றார் பிராங்க்ளின் கொஞ்சம் அவமதிப்பாக. "சேவையில இருக்கிற டாக்டர்களுக்குத்தான் அந்தப் பெருமை."

"எழுத்துல குடுப்பீங்களா சார்?"

கொடுத்தார். அவளைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு சீல்கூட வைத்துக் கொடுத்தார்.

*

கறம்பக்குடியில் இளமதி குடியிருந்த வாடகை வீட்டு முன்னால், வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகை இருந்தது. முதல் நாள் பூராவும் அவள் தூங்கினாள். அடுத்த நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொட்டகையில் போட்டு உட்கார்ந்தாள். முதல் ஆளாக ராக்காயி போனாள். வாசிப்பு இல்லை, பெட்டி இல்லை. உடையப்பன் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கப் பயந்து நின்றுவிட்டு, மெதுவாக, "அப்புறம்ங்க?" என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை.

"அப்புறம் என்ன? கட்டிட்டேன். நனையாமப் பாத்துக்கச் சொல்லுங்க. திரும்ப வாங்க" என்றாள் இளமதி.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளைக்காய்ச்சல், பிரஷர், பாம்பு கடித்ததா பூரான் கடித்ததா என்று தெரியாதவர்கள், எல்லோரும் வந்தார்கள். வரிசை தெருமுனை டீக்கடை வரைக்கும் நீண்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. மாவட்டத்திலுள்ள மற்ற டாக்டர்கள் தங்களையும் சஸ்பெண்ட் செய்யும்படி மனுப் போட ஆரம்பித்தார்கள். ஒருவர், தாம் சட்டத்தை வாசிக்காமலே தினமும் வைத்தியம் பார்ப்பதாக வாக்குமூலமே கொடுத்துவிட்டார். விசாரித்ததில் அது பொய் என்று தெரிந்தது. அவர் ஒழுங்காக வாசித்துக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

பிராங்க்ளின் ஆடிப்போனார். நிலைமையைச் சமாளிக்க ஒரே வழிதான் இருந்தது. இளமதியின் மீது கடும் நடவடிக்கையாக அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்து உத்தரவு போட்டார். உத்தரவு அவள் கைக்குப் போய்ச் சேரும் நொடியிலிருந்து அவள் சேவையில் இருப்பாள். சட்டம் பொருந்தும்.

உத்தரவைக் கொண்டுவந்தவர் அலுவலக உதவியாளர் நாகராசு. அன்றைக்கு ராக்காயிக்குக் கடைசிக் கட்டு. வரிசையில் அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், பின்னால் தெருவே நின்றது. பழுப்பு உறையையும் அதன் மேலிருந்த சிங்க முத்திரையையும் பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். ஒருவர் அவர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தார். சைக்கிளில் வந்தவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டார் என்பது அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"ஐயா" என்றார் உடையப்பன், பக்கத்தில் போய். "எம் பொண்டாட்டிக்கு இன்னும் ஒரே ஒரு கட்டுதாங்க. அத மட்டும் பாத்துட்டு..."

நாகராசு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். இளமதி தலையைக் குனிந்து ஒரு கைக்குழந்தையின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரிசையை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். உறையைச் சட்டைக்குள் செருகினார். வரிசையின் கடைசிக்கு நடந்து போய், டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டார்.

"என்னங்க, இங்க நிக்கிறீங்க?" என்றார் அவருக்கு முன்னால் நின்றவர்.

"எனக்கும் ரொம்ப நாளா முழங்கால் வலி. எம் முறை வரட்டும். காலையும் காட்டிட்டு, கவரையும் குடுத்துட்டுப் போறேன். வரிசையில குறுக்க போனாத் தப்பில்லையா?"

ராக்காயியின் முறை வந்தது. இளமதி கட்டைப் பிரித்தாள். விரலை அழுத்தினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மிளகளவு இருந்த இடத்தில் தோல் மூடியிருந்தது.

"முடிஞ்சிருச்சும்மா. கட்டே வேண்டாம்."

ராக்காயி செருப்பை மாட்டாமல் தரையில் காலை ஊன்றிப் பார்த்தாள். பெருவிரலை மடக்கினாள், நீட்டினாள். பத்து விரலும் இருந்தது. வெளியே வந்ததும் உடையப்பன் வண்டியை எடுக்கப் போனார். அவள் ஏறவில்லை. "கொஞ்ச தூரம் நடந்து வாரேன், பின்னாடி உருட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

டீக்கடையைத் தாண்டும்போது நாகராசு அதே இடத்தில்தான் நின்றார். அவருக்கு முன்னால்தான் ஆள் கூடியிருந்தது. ஓர் ஆட்டோ வந்து நின்றது. காய்ச்சலில் துவண்ட பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் இறங்கி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இங்கிட்டு வாம்மா, எனக்கு முன்னாடி நில்லு" என்றார் நாகராசு.

"உச்சி வெயில்லேருந்து நிக்கிறீங்களே. உங்க வேலைக்கு நேரமாகலையா?" என்றார் உடையப்பன்.

நாகராசு சட்டைக்குள் கையை விட்டு உறை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கவர்மெண்டு வேலைங்க" என்றார். "அதெல்லாம் சட்டுனு முடிச்சிர முடியுமா?"